போர்வை வீரர் வந்திருக்கார்

அத்தியாயம் 4

"சார், நான் பைத்தியமா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள."

வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கையிலிருந்த போர்வையை மேஜைமேல் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோலத் தள்ளி நின்றார்.

சில்லறை போர்வையைப் பார்த்தான். ஆளைப் பார்த்தான். மறுபடி போர்வையைப் பார்த்தான். நீலப் போர்வை. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு. ஊரில் அந்தத் தழும்பை அறியாத திருடன் கிடையாது.

"அண்ணே, இது போர்வை வீரனோட போர்வை."

"தெரியுது. வாயை மூடு," என்றார் கொட்டாவியார்.

கொட்டாவியார்தான் அந்தத் துப்பறியும் ஆபீசின் முதலாளி. வழக்கு புரியாதவரை கண்ணை அகல விழித்துக்கொண்டு சுறுசுறுப்பாக இருப்பார். புரிந்துவிட்டால், இனி இதில் என்ன இருக்கிறது என்பதுபோல ஒரு கொட்டாவி வந்துவிடும். சில்லறை அவருடைய உதவியாள். இங்கே சேருவதற்கு முன் கிடங்கில் மூட்டை தூக்கியவன். முதுகிலிருந்து மூட்டை இறங்கிய பிறகும் அவன் வாய் மட்டும் இறங்கவேயில்லை. பையில் குலுங்குகிற காசுபோல எந்நேரமும் சத்தம். அதனால் வந்த பெயர்.

"ஆமா சார். நான்தான் போர்வை வீரன்," என்றார் வந்தவர். சொல்லிவிட்டுக் கடன்காரன்போல் தலையைக் குனிந்துகொண்டார். "பகல்ல மெத்தைக் கடையில விற்பனையாளர். சாயங்காலம் ஹெல்மெட், போர்வை, கத்தறதுக்குத் தகரக் குழாயோட திருடன் பிடிப்பேன். ஆனா போன மாசத்தோட நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"தப்பான ஆளைப் பிடிச்சுட்டேன் சார். ஒருத்தர் பொம்பளைப் பையைத் தூக்கிட்டு ஓடினார். போர்வையைப் போட்டு அமுக்கி மேல உக்காந்துட்டேன். பார்த்தா அவர் சம்சாரத்தோட பை. மறந்து வெச்சுட்டுப் போனதைக் குடுக்க ஓடியிருக்கார். அந்தம்மா அதே பையால என்னை அடிச்சாங்க. தெருவே சிரிச்சுது. அன்னிலேருந்து யாரைப் பார்த்தாலும் திருடனாத் தெரியுது. கண்ணாடியில பார்த்தா நானே திருடன் மாதிரி இருக்கேன்."

"ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பாத்தீங்களா?" என்றான் சில்லறை.

"டேய்," என்றார் கொட்டாவியார். "நிறுத்திட்டீங்க. அப்புறம் என்ன பிரச்சினை?"

"நான் நிறுத்திட்டேன் சார். போர்வை வீரன் நிறுத்தலை."

சில்லறைக்கு முதுகில் யாரோ ஈரச் சாக்கை வைத்ததுபோல் இருந்தது.

மெத்தைக்காரர் சொன்ன கதை இது. சாயங்காலம் கடையிலிருந்து வருவார். சாப்பாட்டுத் தட்டு கதவு இடுக்கு வழியாக வரும். சாப்பிட்டுவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். மனைவிக்குப் பஸ்ஸில் நடத்துனர் வேலை, சாயங்கால ஷிப்ட். காலையில் எழுந்தால் போர்வை ஈரமாக இருக்கும். கடைக்குப் போனால், நேற்று போர்வை வீரன் எவனைப் பிடித்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பயந்துபோய் ஒருநாள் தன்னைத் தானே கட்டிலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் கயிறு அப்படியே இருந்தது. போர்வை ஈரமாகவே இருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எனக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்களாம் சார். ஒருத்தன் தூங்கறப்ப இன்னொருத்தன் எழுந்து போயிடறானாம். அதனால ரெண்டு பேரும் தூங்கற மாதிரி மாத்திரையை ரெண்டாக்கினார். அப்பவும் அவன் போயிட்டான். இன்னிக்குச் சாயங்காலம் மனநல ஆஸ்பத்திரி வேன் வருது. நானே வரேன்னு சொல்லிட்டேன். உள்ள போனா வெளியிலேருந்து பூட்டுவாங்க. எப்பத் திறப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாதாம்."

அவர் போர்வையிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளி நின்றார். "பூட்டுனா பூட்டட்டும் சார். ஆனா நிஜமாவே நான் பைத்தியமான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். தெரியாமப் போனா பைத்தியம் பிடிச்சுடும்."

கொட்டாவியார் போர்வையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நாலு மூலையும் ஒன்றோடொன்று முத்தமிட, சதுரமாக மடித்திருந்தது.

"நீங்க மடிச்சதா?"

"இல்லை சார். காலையில இப்படித்தான் இருந்துச்சு. பிரிக்கவே பயமா இருக்கு."

"மெத்தைக் கடையில போர்வையை எப்படி மடிப்பீங்க?"

"மடிக்கமாட்டோம் சார். உருட்டி நாடா கட்டுவோம். வீட்டுலயும் கை தானா உருட்டிடும்."

"திருடனைப் பார்த்ததும் குழாயில என்ன கத்துவீங்க? அப்படியே சொல்லுங்க."

மெத்தைக்காரர் கூச்சத்தோடு வாய்க்குமுன் கையைக் குவித்தார். "நில்லுடா! போர்வை வீரன் வந்திருக்கேன்!"

பக்கத்து அறைத் தட்டச்சுக்காரர் பயந்து தட்டுவதை நிறுத்தினார்.

"வீட்டுல வேற யாரு?"

"யாரும் இல்லை சார்."

"போங்க. வேன் வர்றதுக்கு முன்னாடி வந்துடறோம்."

* * *

கடைத்தெருவில் பல் டாக்டரின் வாசலில் ஒருவன் செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தான். அவன் செருப்புத் திருடன். அந்த வாசலில் அவன் தூக்காத செருப்பே இல்லை. சில்லறையும் ஒரு ஜோடி இழந்திருக்கிறான்.

"நீ எப்படா காவல்காரன் ஆனே?" என்றான் சில்லறை, தன் செருப்பைக் காலைவிட்டு எடுக்காமலே.

"போர்வை வீரர் சொல்லிட்டார். இந்த மாசம் முழுக்க இங்க உக்காந்து நீயே காவல் காருன்னுட்டார். இப்ப எவனாவது செருப்பைத் தொட்டான்னா எனக்கே பத்திக்கிட்டு வருது. என்ன ஜென்மங்களோ!"

"பிடிபட்டதைச் சொல்லு," என்றார் கொட்டாவியார்.

திருடன் நிமிர்ந்து உட்கார்ந்தான். விருது வாங்கியவன் முகம். "இதே தெருதான். விளக்குப் போடற நேரம். ஒரு ஜோடியை அடிச்சுக் கால்ல மாட்டிக்கிட்டு ஓடறேன். அவசரத்துல கவனிக்கலை, ரெண்டும் இடது கால் செருப்பு. எவ்வளவு ஓடினாலும் வளைஞ்சு வளைஞ்சு இதே வாசலுக்கு வந்து நிக்கறேன். மூச்சு வாங்குது. அப்பத்தான் குழாய்ச் சத்தம்."

"என்ன சத்தம்? வார்த்தை மாறாம."

"'நில்லு! போர்வை வீரர் வந்திருக்கார்! அவர் கோபப்படறதுக்குள்ள கழட்டு!'"

கொட்டாவியாரின் வாய் பாதி திறந்தது. பாதியிலேயே நின்றது.

சில்லறை அதைப் பார்த்துவிட்டான். பாதிக் கொட்டாவி என்றால் பாதி வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

"எங்க நின்னார்?"

"அந்தத் தூணுக்குப் பின்னாடி. ஹெல்மெட் மட்டும் எட்டிப் பாத்துச்சு. எப்பவும் தூணுக்குப் பின்னாடிதான் நிப்பாராம், கேட்டுப் பாருங்க. அப்புறம் மெதுவா நடந்து வந்தார்."

"ஓடலையா?"

"அவர் ஏன் ஓடணும்? நான்தான் அவர்கிட்டயே ஓடி வந்துட்டேனே."

"குரல்?"

"தகரக் குழாய் சார். அதுல யார் பேசினாலும் தகரம்தான் பேசும்."

"அடிச்சாரா?"

"அடிக்கலை. காதைத் திருகினார். 'இதைப் பெத்தவ பார்த்தா வயிறு எரியாதா'ன்னு கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "அப்புறம் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டார்."

* * *

மெத்தைக்காரர் வீட்டுக்கு நடக்கும்போது சில்லறையின் மூளை சூடேறிவிட்டது.

"அண்ணே, டாக்டர் சொன்னது சரிதான். தலைக்கனம் முத்திப்போச்சு. முன்னாடி 'வந்திருக்கேன்'னார். இப்பத் தன்னைத் தானே 'வந்திருக்கார்'ங்கறார்."

"உங்க கிடங்கு மேஸ்திரி பெரிய தலைக்கனம் பிடிச்சவர்னு சொல்லுவியே. அவர் தன்னை எப்படிச் சொல்லிக்குவார்?"

"'நான் யாரு தெரியுமா'ம்பார். போதை ஏறிட்டா 'நாம யாரு தெரியுமா'ம்பார்."

"'அவர் யாரு தெரியுமா'ன்னு தன்னைச் சொல்லியிருக்காரா?"

சில்லறை நடையை நிறுத்தினான்.

"எவ்வளவு பெரிய பைத்தியமா இருந்தாலும் 'நான்'லதான் வீங்கும்," என்றார் கொட்டாவியார். "தன்னை நிக்க வெச்சு, தானே எழுந்து, தனக்கே மரியாதை குடுக்காது. போர்வைக்குள்ள இருந்தது வேற ஆள். அந்த ஆளுக்குப் போர்வை வீரன் மேல அவ்வளவு மரியாதை. அவரா வேஷம் போட்டுக்கிட்டு நிக்கறப்பகூட 'அவன்'னு சொல்ல நாக்கு வரலை."

"பொண்டாட்டி!" சில்லறை தொடையில் அடித்துக்கொண்டான். "புருஷனை 'அவர், இவர்'னு சொல்ற பொண்டாட்டி! சதுரமா மடிக்கற பொண்டாட்டி! முடிஞ்சுதுண்ணே. நீங்க கொட்டாவி விடலாம்."

"வரலையேடா," என்றார் அவர் கவலையோடு.

* * *

கதவைத் திறந்தது மனைவிதான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில்.

"வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு," என்றாள் ஒரே மூச்சில். பிறகு உள்ளே திரும்பினாள். "டேய்! ஆள் வந்திருக்காங்கடா! அவன் கயித்தை அவிழ்த்துக்கிட்டு வருவான், உக்காருங்க."

சில்லறையின் கண்டுபிடிப்பு அங்கேயே பொத்தென்று விழுந்தது.

"புருஷனை 'அவன்'னா சொல்றீங்க?" என்றான் பரிதாபமாக.

"வேற எப்படிச் சொல்றது? ஒண்ணாவது வகுப்புலேருந்து ஒரே பெஞ்சு. என் பென்சிலைக் கடிச்சே தீர்த்தவன். அவனுக்குப் போய் 'அவர்'னா பல்லு சுளுக்கிக்கும்." சொல்லும்போதே கண் கலங்கியது. விசிலை எடுத்துத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிஜத்தைச் சொல்லுங்க சார். அவனைக் கூட்டிட்டுப் போனா திருப்பி அனுப்புவாங்களா?"

கொட்டாவியார் பதில் சொல்வதற்குள், மூடியும் மூடாமலும் கிடந்த சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"புருஷனை வாடா போடாங்காதேடீ. வந்தவங்களுக்குத் தண்ணி குடு. மாப்பிள்ளை மத்தியானம் சரியாவே சாப்பிடலை. இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு அவரை."

கயிற்றின் ஒரு முனை இடுப்பில் தொங்க மெத்தைக்காரர் வந்து நின்றார். சில்லறை அவர்மேல் பாய்ந்தான். "வீட்டுல யாரும் இல்லைன்னீங்க?"

"யாரும் இல்லையே," என்றார் அவர் வெள்ளையாக. "அத்தைதான்."

கொட்டாவியார் கொட்டாவி விட்டார்.

அது சாதாரணக் கொட்டாவி இல்லை. கண்ணில் நீர் வந்து, தாடை கடகடத்து, கடைசியில் ஒரு ஊளையோடு முடிந்தது. மனைவி பயந்து ஜன்னலைத் திறந்தாள்.

"உங்க மாமியார் உங்ககிட்ட நேரா பேசியிருக்காங்களா?" என்று மெத்தைக்காரரைக் கேட்டார்.

"மரியாதை சார். மாப்பிள்ளைங்கறதால முன்னாடி வரமாட்டாங்க. கல்யாணத்துலேருந்தே கதவுக்குப் பின்னாடிதான். ஏதாவது சொல்லணும்னா இவகிட்டச் சொல்லுவாங்க, இவ என்கிட்டச் சொல்லுவா."

"தூணுக்குப் பின்னாடி!" என்று சில்லறை கத்த வாயெடுத்தான். கொட்டாவியார் கண்ணாலேயே அடக்கினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"சில்லறை, எழுதிக்கோ. போர்வை வீரன் ஒரு கோழை."

உள்ளே ஒரு கரண்டி விழுந்தது.

"ஒரே ஒரு தடவை தப்பு பண்ணினான். பயந்து போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான்."

ஒரு பாத்திரம் உருண்டது.

"அவன் எல்லாம் ஒரு வீரனா? அவன்..."

கதவு இடுக்கிலிருந்து தகரக் குழாய் நீண்டது.

"மரியாதை!" என்று வீடே அதிர்ந்தது. "யாருய்யா அது மாப்பிள்ளையை அவன்னு சொல்றது? அவர் பிடிச்ச திருடனை எண்ண உன் ரெண்டு கையும் பத்துமா?"

குழாய் நீட்டியபடியே இருந்தது. தான் வெளியே நீட்டியது கரண்டி இல்லை என்று கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குழாய் மெல்ல மெல்ல உள்ளே போகப் பார்த்தது. மகள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! நீயா?"

"மாப்பிள்ளை எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறார்? முதுகுவலின்னுதானே சொன்னே?"

"அவன் பைத்தியம்னு போறான்மா! தூக்கத்துல எழுந்து போறதா நினைச்சுக்கிட்டு!"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் சன்னமாக வந்தது. "தெருவுல பேசினாங்கடீ. போர்வை வீரன் பயந்துட்டான், பொட்டலம் ஆயிட்டான்னு. அவன், அவன்னு. எனக்குக் காதுல ஈயம் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துச்சு. அவர் உடம்பு தேறி எழுந்திருக்கற வரைக்கும் பேர் கெடாமப் பாத்துக்கலாம்னுதான் போனேன். துவைச்சுக் காயப்போட்டா விடியறதுக்குள்ள காயலை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

மெத்தைக்காரர் மனைவியின் தோளைப் பிடித்தார். "அத்தைகிட்டக் கேளு. அப்ப நான் எங்க இருந்தேன்னு கேளு."

"அம்மா, அப்ப இவன் எங்க இருந்தான்?"

"எங்க இருப்பார்? படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார்னு சொல்லு. அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அது கேட்கற தூரத்துக்கு அப்பால நான் போனதேயில்லை. சத்தம் நின்னா வீட்டுக்கு ஓடி வரணுமே."

"குறட்டை விட்டியாம்டா!" என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"குறட்டை விட்டேனா!" மெத்தைக்காரர் நாற்காலியில் சரிந்தார். தன் குறட்டையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனைச் சில்லறை பார்த்ததில்லை. ஆனால் அந்த முகம் உடனே சுருங்கியது. "அத்தைகிட்டக் கேளு... யாரையாவது தப்பாப் பிடிச்சாங்களான்னு."

"பிடிச்சேனே!" மகள் வாயைத் திறப்பதற்குள் கதவு பதில் சொல்லிவிட்டது. "பால்காரரைப் பிடிச்சேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக்கூடப் பிடிச்சேன். தப்புன்னு தெரிஞ்சுது, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லி விட்டுட்டேன். தப்பாப் பிடிச்சா விட்டுட வேண்டியதுதானே? அதுக்குப் போய் யாராவது மாசக்கணக்காப் படுத்துக்குவாங்களா? சொல்லுடீ அவர்கிட்ட."

யாரும் அதை மறுபடி எடுத்துச் சொல்லவில்லை. மெத்தைக்காரர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் வேன் வந்து நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் கதவில் தலையை நீட்டினார்.

"யாரு சார் வரணும்?"

கேட்டுவிட்டு உள்ளே பார்த்தார். இடுப்பில் கயிற்றோடு ஓர் ஆள். விசிலைக் கடித்துக்கொண்டு அழுகிற காக்கிச் சட்டைப் பெண். கதவு இடுக்கில் தகரக் குழாய். அதை ஊளையிட்டுக் கொட்டாவி விட்டபடி பார்க்கிற ஒரு பெரியவர்.

"இத்தனை பேருக்கு வண்டியில இடம் இல்லையே," என்றார் அவர்.

"யாரும் வரலை. நீங்க ஏறுங்க," என்று மனைவி அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் ஏறினாரோ இல்லையோ, வேனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி விசிலை ஊதினாள். "ரைட், போலாம்!"

அந்த டிரைவர் முன்பு பஸ் ஓட்டியவராக இருக்க வேண்டும். கை தானாகக் கியர் போட்டது. உள்ளிருந்து "யோவ், நில்லுய்யா!" என்ற சத்தத்தோடு வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

வீட்டுக்குள் மெத்தைக்காரர் மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றார்.

"அத்தை," என்றார். "முட்டி வலிக்கலையா?"

கதவு மெல்லத் திறந்தது. கட்டை குட்டையாக ஓர் அம்மாள், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்து நின்றார். பதிலை எடுத்துச் சொல்ல மகளைத் தேடினார். மகள் வாசலில் இருந்தாள். சில்லறையைப் பார்த்தார். உதவலாம் என்று சில்லறை வாயைத் திறந்தான். கொட்டாவியார் அவன் காலை மிதித்தார்.

அந்த அம்மாள் தலைப்பை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"வலிக்குது மாப்பிள்ளை," என்றார். "இன்னிக்கு நீங்க போங்க."

* * *

விளக்குப் போடுகிற நேரத்தில் இருவரும் கடைத்தெரு வழியாகத் திரும்பினார்கள்.

"அண்ணே, அப்ப அவருக்குப் பைத்தியம் இல்லைன்னு எழுதிடவா?"

"போர்வையைக் கட்டிக்கிட்டுத் திருடன் பிடிக்கறவனுக்கா? அப்படியெல்லாம் எழுதாதே. வேற ஆள் யாரும் அவருக்குள்ள இல்லைன்னு மட்டும் எழுது."

பல் டாக்டர் வாசலில் ஏதோ கலவரம். எவனோ ஒருவன் ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காவல் இருந்த செருப்புத் திருடன், "திருடன்! திருடன்!" என்று நியாயமாகக் கதறினான். தெருவின் நடுவே, தூணும் இல்லாமல் மறைவும் இல்லாமல், ஒரு நீலப் போர்வை வந்து நின்றது. குழாயைப் பிடித்த கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

"நில்லுடா! போர்வை வீரன் வந்திருக்கேன்!"

பின்னால் ஒரு தூணின் மறைவிலிருந்து, குழாய் இல்லாமலே, அந்தக் குரல் திருத்தியது.

"வீரர்!"